சிலை வைத்த ஊரே சீட்டைக் கிழித்த கதை

போன சனிக்கிழமை அப்பாவை சவுத் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கூட்டிப் போனேன். லிங்கன் ஃபைனான்ஷியல் ஃபீல்ட் ஸ்டேடியத்துக்கு வெளியே ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் விளையாட்டு உடையில் இருக்கும் ஆட்டக்காரர். இன்னொருவர் கோச்.

அப்பா இரண்டு பேரையும் சுற்றி வந்து பார்த்தார். "இவரு எப்ப செத்தாரு?" என்று கோச்சைக் காட்டிக் கேட்டார். சிலை என்றால் நமக்கு முதலில் வருகிற கேள்வி அதுதானே.

"சாகலப்பா. நல்லா இருக்காரு. சிலை வைக்கிறப்ப இங்கதான் கோச்சா இருந்தாரு."

"இப்ப?"

"ரெண்டு வருஷத்துல வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க."

அப்பா அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் 31 வருடம் கண்டக்டராக இருந்தவர். எத்தனையோ மெமோ பார்த்தவர். ஆனாலும் இதற்குச் சிரித்துவிட்டார். "சிலையை மட்டும் விட்டுட்டாங்களா?"

விட்டுவிட்டார்கள். அந்தச் சிலைக்காரரைப் பற்றி ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று இருந்தேன். பெயர் டக் பீடர்சன். விளையாட்டு அமெரிக்க ஃபுட்பால். கிரிக்கெட் கேட்டு வளர்ந்த காதுக்கு 'டக்' என்றாலே பூஜ்யத்தில் அவுட் ஆனவர் ஞாபகம்தான் வரும். இவர் விளையாடிய காலத்தைப் பார்த்தால் பெயர் அவ்வளவு பொருந்தாமலும் இல்லை.

1968-ல் வாஷிங்டன் மாநிலத்தில், கனடா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் பெல்லிங்ஹாமில் பிறந்தார். கல்லூரி விளையாட்டு லூசியானாவின் மன்ரோ என்ற ஊரில். குவாட்டர்பேக். அதாவது ஒவ்வொரு முறையும் பந்தை முதலில் வாங்கி, எறிவதா கொடுப்பதா என்று முடிவு செய்கிறவர். 1991-ல் என்.எஃப்.எல் (அமெரிக்க ஃபுட்பாலின் பெரிய லீக்) டிராஃப்ட், அதாவது அணிகள் புது ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுப்பது, 12 சுற்று நடந்தது. அந்த 12-லும் இவரை யாரும் கூப்பிடவில்லை. அப்புறம் மயாமி டால்ஃபின்ஸ் "சும்மா வந்து பயிற்சியில் நில்லு" என்கிற கணக்கில் சேர்த்துக்கொண்டது. அங்கே முதல் குவாட்டர்பேக் டான் மரினோ. ஆலமரத்தடியில் புல் முளைக்கிற கதைதான். அடுத்த சில வருடங்களில் அந்த அணி இவரை வெளியே அனுப்பியது, திரும்பக் கூப்பிட்டது, மறுபடியும் அனுப்பியது.

1993 அக்டோபரில் மரினோவின் குதிகால் தசைநார் அறுந்தது. அவருக்குப் பதிலாக ஸ்காட் மிட்செல் வந்தார். நவம்பர் 14 அன்று மிட்செலுக்கும் தோளில் அடி. அப்புறம் யார் இருக்கிறார்கள்? பீடர்சன். அந்த ஆட்டத்தில் டால்ஃபின்ஸ் 19-14 என்று ஜெயித்தது. கோச் டான் ஷூலாவுக்கு அது 325-வது வெற்றி. ஜார்ஜ் ஹாலஸின் 324 என்ற சாதனை அன்றுதான் உடைந்தது. ஷூலாவை ஆட்டக்காரர்கள் தோளில் தூக்கிக்கொண்டு போன படம் பிரபலம். அந்த நாளில் கடைசியாகப் பந்தைக் கையில் வைத்திருந்தது யார் என்று கேட்டால் பல பேருக்குப் பதில் வராது.

ஆட்டம் நடந்தது மயாமியில் இல்லை. இதே ஃபிலடெல்ஃபியாவில், வெட்டரன்ஸ் ஸ்டேடியத்தில். அந்த ஸ்டேடியத்தை 2004-ல் இடித்துவிட்டார்கள். இப்போது அது கார் நிறுத்துமிடம். எங்கள் வண்டியை அங்கேதான் நிறுத்தியிருந்தேன். பழைய கோல்போஸ்ட் இருந்த இடத்தில் தரையில் கல் பதித்து அடையாளம் வைத்திருக்கிறார்கள். அப்பாவிடம் காட்டினேன். செருப்பால் ஒரு தேய் தேய்த்துப் பார்த்துவிட்டு நடந்தார்.

எனக்கு இந்த மனிதர்மேல் பிரியம் வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூஜெர்சியில் இருந்து ஐ.டி. வேலை பார்க்கிறேன். எங்கள் டீமில் நான் 'செகண்டரி ஆன்-கால்'. ராத்திரி ஏதாவது சர்வர் படுத்தால் முதலில் பிரைமரிக்கு அழைப்பு போகும். அவர் எடுக்கவில்லை என்றால்தான் எனக்கு வரும். பெரும்பாலும் அவர் எடுத்துவிடுவார். ஆனால் நானும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டேதான் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போக வேண்டும். எதுவும் நடக்காமல் இருப்பதற்காகத் தயாராக இருப்பது ஒரு தனி வேலை. செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

1996-ல் பீடர்சன் கிரீன் பே பேக்கர்ஸுக்குப் போனார். அங்கே முதல் ஆள் பிரெட் ஃபார்வ். காய்ச்சல், எலும்பு முறிவு, எது வந்தாலும் ஆட்டத்தை விடாதவர் என்று பேர் எடுத்தவர். அவருக்குப் பேக்கப் என்றால் எப்படி இருக்கும்! வாரம் முழுக்க அந்த ஆட்டத்துக்கான நூற்றுக்கணக்கான திட்டங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டும். எதிரணியின் வீடியோவைப் பார்க்க வேண்டும். பயிற்சியில் எதிரணிக் குவாட்டர்பேக்காக நடித்துக் காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தொப்பி போட்டுக்கொண்டு, கிளிப்போர்டு பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். கிக் அடிக்கும்போது மட்டும் போய் மண்டியிட்டுப் பந்தை நிறுத்திப் பிடித்துக் கொடுப்பார். கிக் சரியாகப் போனால் அடித்தவருக்குக் கைதட்டல், தவறிப்போனால் பிடித்தவரைத்தான் முதலில் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கேயே ஒரு சூப்பர் பௌல் மோதிரமும் (லீக்கின் இறுதி ஆட்டத்தில் ஜெயித்த அணிக்குத் தருவது) கிடைத்தது, 1997 ஜனவரியில்.

அந்தக் காலத்தில் கிரீன் பேயில் குவாட்டர்பேக்குகளுக்குக் கோச்சாக இருந்தவர் ஆண்டி ரீட். பெரிய மீசை. 1999-ல் ரீட் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் தலைமைக் கோச் ஆனார். அந்த வருட டிராஃப்டில் டானவன் மெக்நாப் என்ற இளைஞரை எடுத்தார். ஃபிலடெல்ஃபியா ரசிகர்கள் வேறு ஒருவரை எதிர்பார்த்திருந்தார்கள். அதனால் மெக்நாப் பெயரைச் சொன்னதும் அரங்கத்திலேயே "பூ..." என்று ஊளையிட்டார்கள். சரி. பையன் பழகும்வரை ஆட ஒரு ஆள் வேண்டுமே? ரீட் தன்னுடைய திட்டமெல்லாம் அத்துப்படியான பீடர்சனைக் கூட்டிவந்தார். இப்போது அதே ரசிகர்கள் "ஏன் மெக்நாப் ஆடவில்லை?" என்று பீடர்சனைப் பார்த்து ஊளையிட ஆரம்பித்தார்கள். இந்த ஊரைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும்.

9 ஆட்டத்தில் 2 வெற்றி. பத்தாவதில் மெக்நாப்பை இறக்கினார்கள். தேதி 1999 நவம்பர் 14. ஆமாம், ஷூலாவின் 325-க்குச் சரியாக ஆறு வருடம் கழித்து, அதே வெட்டரன்ஸ் ஸ்டேடியத்தில். இதை முதலில் கவனித்தபோது காலண்டரைத் திறந்து இரண்டு தேதியும் ஞாயிறுதானா என்று சரிபார்த்தேன். ஞாயிறுதான்.

2000-ல் கிளீவ்லாந்து. அங்கே 8 ஆட்டம், ஒரே ஒரு வெற்றி. ஆகமொத்தம் வாழ்க்கையில் முதல் ஆளாக இறங்கியது 17 ஆட்டம், ஜெயித்தது 3. மறுபடியும் கிரீன் பே, மறுபடியும் ஃபார்வ், மறுபடியும் கிளிப்போர்டு. 2004-ல் ஒரு நாள் ஃபார்வுக்குத் தலையில் அடிபட்டு இவர் உள்ளே போனார். அதே ஆட்டத்தில் இவருக்கு விலா எலும்பில் அடி விழுந்தது. அதோடு சரி. அடுத்த மார்ச்சில் ஓய்வு.

இதுவரை படித்தவர்கள் "இவருக்கா சிலை?" என்று கேட்கலாம். அப்பாவும் இங்கே வந்தபோது அதைத்தான் கேட்டார்.

ஓய்வு பெற்ற கையோடு லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் கால்வரி பாப்டிஸ்ட் அகாடமி என்ற பள்ளிக்குக் கோச்சாகப் போனார். பெரிய லீக்கில் இருந்தவர்கள் டி.வி.யில் உட்கார்ந்து பேசப் போவார்கள், இல்லை பெரிய கல்லூரியில் உதவிக் கோச்சாகச் சேர்வார்கள். இவர் 15, 16 வயதுப் பையன்களிடம் போனார். நாலு வருடம் இருந்தார். நான் வாழ்நாளில் ஒரு கோச்சையும் பக்கத்தில் பார்த்ததில்லை. ஆனால் ஒன்று ஊகிக்க முடியும். ஃபார்வுக்கு ஒரு விஷயத்தை இரண்டு தடவை சொல்லத் தேவையில்லை, அரைப் பரீட்சைக்குப் படித்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் வந்து நிற்கும் பையனுக்கு நாலு விதமாகச் சொல்ல வேண்டும். எதைச் சொன்னால் புரியும், எது அவனால் முடியும் என்று பார்த்துத் திட்டத்தை அவனுக்கேற்ப வெட்டி ஒட்ட வேண்டும். பின்னால் நடந்ததற்கு அந்த நாலு வருடம்தான் அடித்தளம் என்பது என் கட்சி.

2009-ல் ரீட் கூப்பிட்டார். ஈகிள்ஸில் கோச்சுகளில் அடிமட்ட வேலை. வீடியோவை வெட்டிப் பிரித்துக் கொடுப்பது, வரைபடம் போடுவது. 41 வயதில் அதற்குச் சரியென்று வந்தார். பிறகு குவாட்டர்பேக்குகளின் கோச் ஆனார். 2012-ல் அந்த அணி எடுத்த புதுப் பையன்களில் ஒருவர் நிக் ஃபோல்ஸ். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2013-ல் ரீட் கான்சஸ் சிட்டிக்குப் போக, இவரும் பின்னாலேயே போனார்.

2016-ல் ஈகிள்ஸ் இவரைத் தலைமைக் கோச்சாக எடுத்தபோது ஊரில் யாருக்கும் திருப்தி இல்லை. முதல் வருடம் 7 வெற்றி, 9 தோல்வி. அடுத்த சீசன் தொடங்கும் நேரத்தில், அணிகளில் நிர்வாகியாக இருந்த ஒருவர், தான் 30 வருடத்தில் பார்த்த தலைமைக் கோச்சுகளிலேயே தகுதி குறைந்தவர் இவர்தான் என்கிற மாதிரி எழுதினார். எங்கள் ஆபீசில் எனக்கு இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்த நண்பர் (பிறந்தது, வளர்ந்தது எல்லாம் சவுத் ஃபிலி) அதை ஆமோதித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். இன்று கேட்டால் இல்லை என்பார்.

அந்த 2017 சீசனில் அணி பிய்த்து உதறியது. டிசம்பர் 10, லாஸ் ஏஞ்சல்ஸில் ஆட்டம். முதல் குவாட்டர்பேக் கார்சன் வென்ட்ஸுக்கு முழங்காலில் தசைநார் அறுந்தது. சீசன் முடிந்தது என்று ஊரே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியது. பேக்கப் யார்? நிக் ஃபோல்ஸ். நடுவில் இரண்டு அணிகளுக்குப் போய், 2016-ல் விளையாட்டையே விட்டுவிடலாமா என்று யோசித்துவிட்டுத் திரும்பி வந்தவர்.

ஃபோல்ஸ் ஆரம்பத்தில் தடுமாறினார். கடைசி லீக் ஆட்டத்தில் டல்லஸிடம் 6-0 தோல்வி, அணி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அதற்குப் பிறகு பீடர்சன் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. வென்ட்ஸுக்காகப் போட்ட திட்டத்தில் ஃபோல்ஸைத் திணிக்கவில்லை. 2013-ல் ஃபோல்ஸ் நன்றாக ஆடிய பழைய ஆட்டங்களின் வீடியோவை எடுத்துப் பார்த்தார்கள். அவருக்கு எந்த எறிதல் இயல்பாக வருகிறது என்று பார்த்து அதைக் கொண்டுவந்தார்கள். பேக்கப்பாக இருந்தவனுக்குத் தெரியும், அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடுவது எவ்வளவு கஷ்டம் என்று. அட்லாண்டாவை 15-10 என்று தட்டுத்தடுமாறி ஜெயித்தார்கள். மினசோட்டாவை 38-7 என்று துவைத்தார்கள். 'அண்டர்டாக்' (தோற்கப் போகிறவர்கள்) என்று எல்லோரும் சொன்னதற்காக, ஈகிள்ஸ் ஆட்டக்காரர்கள் லேன் ஜான்சனும் கிறிஸ் லாங்கும் நாய் முகமூடி மாட்டிக்கொண்டு மைதானத்தில் நின்றது அட்லாண்டா ஆட்டத்தன்று.

சூப்பர் பௌல், 2018 பிப்ரவரி 4, மினியாபொலிஸ். எதிரே நியூ இங்கிலாந்து, டாம் பிரேடி. நண்பர் வீட்டு பேஸ்மெண்ட்டில் பார்த்தோம். அவர்கள் பக்கம் சிக்கன் விங்ஸ், நான் கொண்டு போனது ஒரு டப்பா மசால்வடை. இரண்டாவது கால் பகுதி முடிவதற்குள் வடை காலி.

முதல் பாதி முடிய 38 விநாடி இருந்தது. ஈகிள்ஸ் 15-12 என்று முன்னிலையில். பந்து எதிரணிக் கோட்டுக்கு ஒரு யார்டு தூரத்தில். ஃபோர்த் டவுன். புதியவர்களுக்கு: பந்தைப் பத்து யார்டு, இல்லையென்றால் எதிரணிக் கோடுவரை, கொண்டுபோக நாலு முயற்சிதான். நாலாவதில் தவறினால் பந்து எதிராளிக்குப் போய்விடும். அதனால் கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் பொதுவாகக் கிக் அடித்து 3 புள்ளியை வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். பீடர்சன் டைம்அவுட் கேட்டார். கிக் வேண்டாம், ஆடலாம் என்று முடிவு. எதை ஆடுவது?

ஃபோல்ஸ் நடந்து ஓரத்துக்கு வந்தார். பீடர்சன் காதில் ஹெட்செட், கையில் மெனு கார்டு மாதிரி அந்தப் பெரிய அட்டை. "ஃபில்லி ஃபில்லி போடலாமா?" என்று ஃபோல்ஸ்தான் கேட்டார். அந்தத் தந்திரத்துக்குத் திட்டத்தில் பெயர் ஃபில்லி ஸ்பெஷல். அவசரத்தில் பெயரைத் தப்பாகச் சொன்னார். பீடர்சன் உடனே பதில் சொல்லவில்லை. ஓர் இரண்டு விநாடி. முகத்தில் ஒன்றும் தெரியாது. அப்புறம், "ம், சரி, போடலாம்."

ஃபோல்ஸ் பந்தை வாங்குவதுபோல நின்றார். பிறகு ஏதோ மாற்றிச் சொல்லப் போகிறவர்போல வரிசையை ஒட்டி வலது பக்கம் நடந்தார். அவர் அங்கே நிற்கும்போதே பந்து நேராகக் கோரி கிளெமெண்ட்டிடம் போனது. கிளெமெண்ட் ஓடிக்கொண்டே ட்ரே பர்ட்டனிடம் கொடுத்தார். பர்ட்டன் எறிந்தார். கோட்டுக்கு அப்பால், வலது பக்கத்தில் ஒருத்தரும் காவல் இல்லாமல் நின்ற ஃபோல்ஸ் பிடித்தார். டச்டவுன், அதாவது ஃபுட்பாலில் 'கோல்' மாதிரி. பேஸ்மெண்ட்டில் யாரோ என் முதுகில் ஒன்று போட்டார்கள், தட்டு கவிழ்ந்தது. கொஞ்ச நேரம் முன்பு இதே மாதிரி தந்திரத்தில் பிரேடியிடம் வந்த பந்தை அவர் கைநழுவ விட்டிருந்தார் என்பது கூடுதல் ருசி.

இதில் இன்னொன்று. கிளெமெண்ட்டை டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. பர்ட்டனையும் யாரும் எடுக்கவில்லை. ஃபோல்ஸ் பேக்கப். 'போடலாம்' என்று சொன்னவரை 1991-ல் யாரும் எடுக்கவில்லை. வேண்டாதவர்கள் கை மாற்றிக் கை மாற்றிக் கொண்டுபோன பந்து அது.

எல்லோரும் அந்தத் தந்திரத்தைத்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால், கடைசியில் 5 நிமிடம் 39 விநாடி இருக்கும்போது எடுத்த முடிவு இன்னும் பெரியது. அப்போது 33-32 என்று பின்தங்கி இருந்தார்கள். தன் பக்கத்து 45-வது யார்டில் மறுபடி ஃபோர்த் டவுன், ஒரு யார்டு வேண்டும். தவறினால் பிரேடியிடம் பந்தைத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. மறுபடியும் ஆடினார். ஸாக் எர்ட்ஸ் பிடித்தார். பந்தை விடாமல் கொண்டுபோய் அடுத்த சில முயற்சிகளில் டச்டவுனும் எடுத்தார்கள். 41-33. 1960-க்குப் பிறகு ஈகிள்ஸுக்கு முதல் பட்டம், சூப்பர் பௌல் என்று பார்த்தால் முதன்முதல். அன்றிரவு ரசிகர்கள், ஏறக்கூடாது என்று கிரீஸ் தடவிய விளக்குக் கம்பங்களிலும் ஏறினார்கள். நான் ஏறவில்லை.

அந்த டைம்அவுட் பேச்சைத்தான் சிலையாக வைத்தார்கள், 2018 செப்டம்பரில். பந்தைப் பிடிக்கும் காட்சியைச் செய்யாமல் கேட்கும் காட்சியைச் செய்தது யார் யோசனையோ, நல்ல யோசனை.

அப்புறம் சரிவு. அதை நீட்ட எனக்கு விருப்பமில்லை. 2020-ல் 4 வெற்றி, 11 தோல்வி, ஒரு டிரா. கடைசி ஆட்டம் வாஷிங்டனோடு. 17-14 என்று எட்டும் தூரத்தில் இருந்தபோது, புதுப் பையன் ஜேலன் ஹர்ட்ஸை வெளியே எடுத்துவிட்டு மூன்றாவது ஆளை இறக்கினார். வேண்டுமென்றே தோற்றார் என்று நாடு முழுக்கத் திட்டினார்கள். ஓரமாக நின்று தேய்ந்த ஒருவருக்கு வாய்ப்பு தரத்தான் என்று அவர் தரப்பு. நான் அவர் ரசிகன்தான், ஆனாலும் அன்று எனக்கும் எரிச்சல் வந்தது. ஆடிக்கொண்டிருக்கிறவனை நடுவில் கூப்பிட்டு உட்கார வைப்பதன் வலி இவருக்குத் தெரியாததா? எட்டு நாளில், 2021 ஜனவரி 11, சீட்டைக் கிழித்துவிட்டார்கள்.

ஒரு வருடம் வீட்டில். பிறகு ஜாக்சன்வில். முந்தைய வருடம் 3 ஆட்டம் மட்டும் ஜெயித்திருந்த அணியை முதல் வருடமே பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார். 2023 ஜனவரி 14, சார்ஜர்ஸோடு ஆட்டம். இளைஞர் டிரெவர் லாரன்ஸ் முதல் பாதியிலேயே நாலு பந்தை எதிராளி கையில் கொடுத்தார். 27-0. நான் தூங்கப் போய்விட்டேன். காலையில் பார்த்தால் 31-30, ஜாக்சன்வில் வெற்றி. அன்றைக்கு முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். லாரன்ஸை வெளியே எடுக்கவில்லை பாருங்கள்.

அந்த நல்ல காலமும் நிலைக்கவில்லை. 2024-ல் 4 வெற்றி, 13 தோல்வி, 2025 ஜனவரியில் அங்கேயும் வேலை போனது. ஒரு மாதம் கழித்து ஈகிள்ஸ் இரண்டாவது சூப்பர் பௌல் ஜெயித்தது. சிறந்த ஆட்டக்காரர் ஜேலன் ஹர்ட்ஸ். இவர் காலத்தில் எடுத்த, இவரே அன்று வெளியே எடுத்த அதே பையன்.

இதையெல்லாம் சிலைக்குப் பக்கத்தில் நின்றபடி அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் கிளிப்போர்டு விஷயம் பிடிபட்டது.

"டிப்போல ரெண்டு வருஷம் இப்படித்தான் இருந்தேன். யாராவது லீவு போட்டா எனக்கு வண்டி. இல்லன்னா பைய மடில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். ஆனா எல்லா ரூட்டும், எல்லா ஸ்டேஜும் தெரிஞ்சிருக்கணும்."

"அது எனக்குத் தெரியாதேப்பா."

"நீ பொறக்கல அப்ப." ஃபோல்ஸ் பக்கம் போய் நின்று நிமிர்ந்து கோச் முகத்தைப் பார்த்தார். "இன்னும் சரின்னு சொல்லலடா இவரு. யோசிச்சுக்கிட்டுல்ல இருக்காரு."

அப்போதுதான் போன் அடித்தது. பிரைமரி எடுக்கவில்லை. லேப்டாப் வண்டியில். "இங்கயே நில்லுங்கப்பா, பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் பழைய வெட்டரன்ஸ் ஸ்டேடியத்துக்குள் ஓடினேன். லாகின் செய்து பார்ப்பதற்குள் சர்வர் தானாகவே எழுந்து உட்கார்ந்திருந்தது.